நான்சே அணியின் ஏழாவது ஆள்

“போனையே எடுக்கலன்னா என்ன அர்த்தம்? அவன் வரமாட்டான்.”

“சிக்னல் இல்லாம இருக்கும்டா. இந்த மழைல டவர் படுத்திருக்கும்.”

“டவர் படுக்கல. யோவானிதான் எல்லைக்குப் போற பஸ்ல காலை நீட்டிப் படுத்திருக்கான். அவங்க அம்மா கதவைப் பாதி தொறந்து, என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னாங்க.”

“அப்ப நாம ஆறு பேர்தானா?”

“ஆறு பேர்தான்.”

“என்னை ரெண்டா வெட்டிக்க. எப்படியும் ரெண்டு ஆள் கனம் இருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவன் ஃபௌஸ்தோ, எங்கள் கோல்கீப்பர். நாற்பதைத் தாண்டியவன். மற்றவர்கள் பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வடக்கே போகப் போக, ஓய்வு பெற்றவனை வீட்டிலிருந்து இழுத்து வந்து மறுபடியும் கையுறை மாட்டிவிட்டிருந்தோம். யோவானி வீட்டுக்குப் போய் வந்தவன் என் அண்ணன் ஒஸ்மின், தெப்போர்த்திவோ நான்சே கிளப்பின் கேப்டன். நான் துனியா. கணுக்காலுக்குத் துணி சுற்றுவதும், தண்ணீர்ப் பைகளைச் சுமப்பதும், பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து கத்துவதும் என் வேலை.

உடைமாற்றும் அறையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தைல வாசனையும் ஈரக் காலுறைகளின் நாற்றமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. மூலையில் மற்ற நான்கு பேரும் சுவரைப் பார்த்தபடி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்கள்.

பதினொருவர் ஆடும் கால்பந்தில் குறைந்தது ஏழு பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. அது உலகம் முழுக்க உள்ள விதி. அந்தப் பருவத்தில் ஏற்கனவே இரண்டு முறை ஆள் சேராமல் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால் லீக்கிலிருந்து எங்கள் பெயரையே எடுத்துவிடுவார்கள். ஃபௌஸ்தோவுக்கு அது வருத்தமான விஷயம், அவ்வளவுதான். என் அண்ணனுக்கு அப்படியல்ல. முந்தைய வருடம் மனைவி, குழந்தையோடு வடக்கே புறப்பட்டவன் பஸ் நிலையம் வரை போய்ப் பையோடு திரும்பி வந்திருந்தான். “கேப்டனும் போயிட்டா கிளப்பு என்னத்துக்கு ஆகும்?” என்று அண்ணியிடம் சொன்னானாம். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். இன்று கிளப் செத்துப் போனால் அவன் எதற்காகத் திரும்பி வந்தான் என்று அவனாலேயே சொல்ல முடியாது.

எங்கள் கிளப்பைத் தொடங்கியவர்கள் ரயிலில் வாழைக்குலை ஏற்றிய தொழிலாளர்கள். ரயில் வராத ஞாயிறுகளில் தண்டவாளத்தின் ஓரத்தில் ஆடத் தொடங்கினார்கள். சட்டையின் மஞ்சள், நான்சே பழத்தின் மஞ்சள். ஊரின் பெயரும் அதுதான். ஒரே ஒரு முறை மாகாணக் கோப்பையை வென்றிருக்கிறோம். அதை வைக்க கிளப்பில் அலமாரி இல்லாததால் தேவாலயத்தில் இருக்கிறது. பாதிரியார் அதில் பூ வைக்கிறார்.

பிறகு புயல் வந்த வருடம். அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி என்பதால் அன்றைய பயிற்சியாளர் மழையிலும் பிள்ளைகளை வீட்டுக்கு விடவில்லை. மலை சரிந்து மைதானத்தின் வடக்குப் பாதியை மூடியது. சிலரைத் தோண்டி எடுத்தார்கள். சிலரை எடுக்க முடியவில்லை. இயந்திரம் வந்து சேர்வதற்குள் சேறு செங்கல் போல இறுகிவிட்டது. பாதிரியார் ஜெபம் செய்தார். மேலே மண்ணைச் சமப்படுத்தினார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்களுக்கு வேறு சமதளம் கிடையாது. அதன்மேலேயே ஆடினோம். ஆடுகிறோம்.

ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் பெயர் கூப்பிடாமல் ஆடியதில்லை.

கேப்டன் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். மண்ணுக்குள் இருப்பவர்களை முழுப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். ஒவ்வொரு பெயருக்கும் கேலரி முழுவதும் ஒரே குரலில் “இருக்கேன்!” என்று கத்தும். கைக்குழந்தையின் கையைக்கூடத் தாய்மார்கள் தூக்கிக் காட்டுவார்கள். அவர்களுக்காக நாம் பதில் சொல்லிவிட்டால் அவர்கள் எழுந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு கேலரியில் ஒருவரும் இல்லை.

முந்தைய ஆட்டத்தில் எங்கள் ரசிகன் ஒருவன் கேலரியிலிருந்து எறிந்த கல் லைன்ஸ்மேனின் காதில் பட்டுவிட்டது. பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டனை. வாசலைப் பூட்டிப் போலீஸ் நின்றது. ஈரமான சிமெண்டுப் படிகளில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ரெஃபரி அறைக்குள் தலையை நீட்டினார். தொப்பியிலிருந்து மழை வழிந்தது.

“கேப்டன், ஏழு பேர் இருக்காங்கல்ல? வந்ததுக்கு சும்மா திரும்பிப் போக வெச்சுடாதீங்க.”

“இருக்காங்க,” என்றான் ஒஸ்மின்.

ஃபௌஸ்தோ என்னைப் பார்த்தான். நான் ஒஸ்மினைப் பார்த்தேன். அவன் எங்கள் இருவரையுமே பார்க்கவில்லை.

“துனியா, வா. பேர் கூப்பிடணும்.”

“ஆளே இல்லையே. பதில் யாரு சொல்லுவா?”

“நீ சொல்லு.”

மழை லேசாகியிருந்தது. பிற்பகல்தான், ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மேகம் வடக்குப் பக்க கோல் கம்பங்களை விழுங்கியிருந்தது. எதிரணி ஆட்கள் தங்கள் பக்கம் நின்று குதித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒஸ்மின் கோட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றான். நான் அவனுக்கு எதிரே நின்றேன். அதனால் என் கண் முன்னால் மைதானம் முழுவதும் தெரிந்தது.

அவன் கூப்பிட்டான். நான் “இருக்கேன்” என்றேன். ஒரு கேலரி கத்த வேண்டிய சொல்லை ஒரு தொண்டையால் சொன்னபோது அது கேலரியின் தகரத்தில் மோதி மெலிந்து என்னிடமே திரும்பி வந்தது. அடுத்த பெயர். “இருக்கேன்.” அடுத்த பெயர். “இருக்கேன்.” ஆற்றங்கரைத் தவளைகள் எப்போது நின்றன என்று நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பெயர் நார்சிசோ பாஸ். சிச்சோ என்று கூப்பிடுவார்களாம். இடது ஓரத்து ஆட்டக்காரன், மண்ணுக்குள் போனவர்களில் சின்னவன்.

ஒஸ்மின் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் திரும்பினான். மைதானத்தைப் பார்த்து நின்றான்.

“அண்ணா, திரும்பாதே. அப்படிக் கூப்பிடக் கூடாது.”

“நார்சிசோ பாஸ்!”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கை என் வாயைப் பொத்தியது.

தைலம் தடவிய உள்ளங்கை. கண்ணெல்லாம் எரிந்தது. நான் திமிறினேன். அவன் விடவில்லை.

“மன்னிச்சுடு,” என்று என் காதருகே முணுமுணுத்தான். “எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்.”

மழை நின்றது.

நின்றது என்றால் கூரையில் நின்றது, புல்லில் நின்றது. வடக்குப் பாதியில் மட்டும் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. மேலிருந்து கீழே சொட்டுகிற சத்தம் அல்ல. கீழே, மண்ணுக்குள், ஒரு பானையில் விழுவது போன்ற சத்தம். பிறகு அந்த வாசனை வந்தது. பழுத்து விழுந்து நாட்கணக்கில் ஊறிய நான்சே பழத்தின் புளித்த வாசனையும் கிணறு வெட்டும்போது வரும் மண் வாசனையும் கலந்திருந்தது.

“இருக்கேன்.”

சத்தமாக இல்லை. நடுத் தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் சொல்வது போல இருந்தது.

படியில் கிடந்த நாய் எழுந்து, குரைக்காமல், வாலை ஒடுக்கிக்கொண்டு போனது.

ரெஃபரி விசிலைச் சட்டையில் துடைத்தபடி மையத்துக்கு வந்தார். ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளை ஒஸ்மின் காலையிலேயே கொடுத்திருந்தான், ஊரை விட்டுப் போனவர்களின் அட்டைகளையும் சேர்த்து. இனி தலைகளை எண்ணுவதுதான் பாக்கி. அவர் விரலை நீட்டி எங்கள் ஆட்களை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். ஃபௌஸ்தோ. ஒஸ்மின். மற்ற நால்வர்.

விரல் நிற்கவில்லை. இடது ஓரத்துக்குப் போனது.

“ஏழு. சரி, ஆரம்பிக்கலாம்.”

அங்கே ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றிருந்தான். பழைய பருத்திச் சட்டை, மஞ்சள் நிறம் சேற்றுக்கு அடியில் கொஞ்சம்தான் தெரிந்தது. முழங்கால் வரை மண்.

ஆட்டம் தொடங்கியது. மழையும் திரும்ப வந்தது.

எதிரணிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். “ஏழு பேரா? பூசைக்கு வந்த கூட்டமே இதைவிட ஜாஸ்தியாச்சே!” என்று ஒருவன் கத்தினான். அந்தச் சிரிப்பு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பந்து இடது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் பேச்சு அடங்கியது. அந்த ஆள் ஓடினான். எல்லாரும் ஓடும்போது தண்ணீர் தெறித்தது, புல் சலசலத்தது. அவன் ஓடும்போது காலடிச் சத்தம் தரைக்கு அடியிலிருந்து கேட்டது. மாடியில் நாம் நடக்கும்போது கீழ்வீட்டில் இருப்பவன் அதே இடத்தில் நம்மோடு நடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அவனைத் தடுக்க நிறுத்தப்பட்ட எதிரணிப் பையன் ஒருவன் மைதானத்தைக் கடந்து எங்கள் பக்கக் கோட்டோரம் வந்து என்னிடம் தண்ணீர் கேட்டான். பையின் மூலையைக் கடிக்க முடியாமல் பற்கள் அடித்துக்கொண்டன. நானே கடித்துத் திறந்து கொடுத்தேன்.

“அக்கா, உங்க இடது பக்கத்து ஆளு...”

“என்ன?”

“எவ்வளவு ஓடினாலும் அவனுக்கு மூச்சு வாங்கல.” அவன் குரல் தேய்ந்தது. “மூச்சே விடல அக்கா. நான் ஒட்டி நின்னு பாத்தேன்.”

இடைவேளை விசில் ஊதியது. எல்லாரும் அறைக்குள் வந்தார்கள். அவன் வரவில்லை. நின்ற இடத்திலேயே மலையைப் பார்த்தபடி நின்றான்.

அறைக்குள் ஃபௌஸ்தோ கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டான். எப்போதும் வாயில் ஒரு கிண்டலை வைத்திருப்பவன். அன்று உதடு வெளுத்திருந்தது.

“ஒஸ்மின், அது யாரு?”

“ஏழாவது ஆளு.”

“என்கிட்ட விளையாடாதே. சின்ன வயசுல கோல் கம்பத்துக்குப் பின்னால நின்னு அந்த இடது காலுக்குத்தான் பந்து பொறுக்கிப் போட்டேன். அந்த ஓட்டத்தை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்டா.” பெருமூச்சு விட்டான். “நான் வீட்டுக்குப் போறேன்.”

“நீ போனா ஆறு பேர் ஆயிடுவோம்.”

“ஆகட்டும்.”

“ஃபௌஸ்தோ அண்ணே.” ஒஸ்மின் அவனை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. “இன்னும் பாதி ஆட்டம்தான். நான் பொண்டாட்டி புள்ளைய பஸ் ஏத்திட்டு வந்து நிக்கறவன். கிளப்பும் போச்சுன்னா என்னை எங்க போகச் சொல்றே?”

“முடிஞ்சப்புறம் அவனை எப்படி அனுப்புவே?” என்று நான் கேட்டேன்.

“விசில் ஊதினா எல்லாரும் போறாங்க இல்ல? அவனும் போவான்.”

அதை அவனும் நம்பவில்லை. ஃபௌஸ்தோ கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு கையுறையைக் குனிந்து எடுத்தான்.

பக்கம் மாறியதால் இரண்டாம் பாதியில் இடது ஓரம் என் பெஞ்சுக்கு முன்னால் வந்தது. அவன் என்னைக் கடந்து கடந்து ஓடினான். பார்க்கக் கூடாது என்று முழங்காலில் முகத்தைப் புதைத்தேன். வாசனை வரும்போது கடக்கிறான் என்று தெரியும். ஒரு முறை என்னை அறியாமல் நிமிர்ந்துவிட்டேன்.

மழை அவன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சேறு கரைந்து கோடு கோடாக வழிந்தது. எவ்வளவு வழிந்தாலும் அவன்மேல் சேறு குறையவில்லை. உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடங்களில் அவன் ஓரத்திலிருந்து பந்தை உயர்த்தி அடித்தான். மழைக்கு நடுவில் அது மெல்ல, ஒருவர் கையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது போல வந்தது. ஒஸ்மின் எழும்பித் தலையால் முட்டினான். கோல். எந்தப் பக்கத்திலும் யாரும் கத்தவில்லை. ஒஸ்மினின் நெற்றியில் பந்தளவு சேறு வட்டமாக ஒட்டியிருந்தது.

இறுதி விசில் ஊதியதும் எதிரணி கைகுலுக்காமல் தங்கள் வண்டிக்கு ஓடியது. எங்கள் ஆட்களும் ஓடினார்கள். ரெஃபரி மட்டும் எதுவும் உணராதவராய்க் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவன் போகவில்லை.

கிளப் பிழைத்தது. ஊருக்குள் நாங்கள் ஏழு பேரோடு சமன் செய்த கதை பரவியது. ஏழாவது ஆள் யார் என்று கேட்டவர்களிடம் பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வெளியூர்க்காரன் என்றான் ஒஸ்மின். பனைத் தோட்டத்திலிருந்து நிஜமாகவே சில பையன்கள் சேர்ந்தார்கள். எல்லையில் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்ட யோவானி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஷூவைக் கேட்டான். “வாப்பா சுற்றுலாப் பயணி,” என்று சொன்னதோடு சரி, யாரும் அவனைத் திட்டவில்லை.

அண்ணன் நெற்றியிலிருந்த சேறு போகவில்லை. கொல்லைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்தது. கழுவித் துடைத்து அவன் உள்ளே வருவதற்குள் மறுபடியும் ஈரமாக இருக்கும். அவன் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டான். மைதானத்தின் பக்கம் நாங்கள் யாரும் போகவில்லை. பயிற்சியை ஆற்று மணலில் வைத்துக்கொண்டோம்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குத் தண்டனை முடிந்து வாசல் திறந்தது. நல்ல வெயில். கேலரி நிரம்பி வழிந்தது. பலெயாதா ரொட்டி சுடும் பெண்கள், மேளம், மஞ்சள் கொடிகள். உள்ளே பதினொரு பேர், என் பக்கத்தில் பெஞ்சில் மூன்று பையன்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்றைக்கு ஊரே பதில் சொல்லும். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

ஒஸ்மின் முறைப்படி முதுகைக் காட்டி நின்றான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். தகரம் அதிர ஊர் பதில் சொன்னது. கடைசிப் பெயரை அவன் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னான்.

“நார்சிசோ பாஸ்!”

“இருக்கேன்!” என்றது ஊர். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

எதிரொலி அடங்கியது. வெயிலின் நடுவே அந்தப் புளித்த வாசனை மெல்ல வந்தது. பலெயாதா சுடும் பெண் கல்லிலிருந்து கையை எடுத்து மூக்கை மூடினாள்.

ரெஃபரி எண்ணினார். நின்றார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“கேப்டன், என்னய்யா இது? பன்னெண்டு பேர் இருக்கீங்க. ஒருத்தரை வெளிய அனுப்புங்க.”

ஒஸ்மின் அசையவில்லை. கோலிலிருந்த ஃபௌஸ்தோ கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேளம் நின்றது.

இடது ஓரத்திலிருந்து அவன் நடந்து வந்தான். காய்ந்த தரையில் ஈரக் கால்தடங்கள் அவன் பின்னால் வந்தன. நேரே என் பெஞ்சுக்கு முன்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓர் அங்குலம் உள்ளே வந்து நின்றான். அந்தக் கோட்டில் இடுப்பளவுச் சுவர் இருப்பது போல அதன்மேல் சாய்ந்துகொள்ளப் பார்த்தான். முடியவில்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பையனின் முகம். கண்ணிமைகளில் மண். வாய் திறந்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. முதல்முறையாக அவனுக்கு மூச்சு வாங்கியது.

என் பக்கத்திலிருந்த பையன்கள் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்கள்.

அவன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி ஒன்றைச் சுற்றி ஒன்றை உருட்டிக் காட்டினான். ஆள் மாற்றச் சொல்லும் சைகை. பிறகு விரலை நீட்டினான். ஆடும் இடத்தை அல்ல. வடக்குப் பாதியின் மண்ணை. விரல் மண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, பார்வை என்னைத் தாண்டி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்த என் அண்ணன்மேல் போய் நின்றது.

“அக்கா,” என்றான். வார்த்தையோடு கொஞ்சம் மண்ணும் வாயிலிருந்து உதிர்ந்தது. “ரொம்பக் களைச்சுட்டேன் அக்கா. எனக்குப் பதிலா யாரையாவது உள்ள விடுங்களேன்.”